அடிக்காதவருக்கு ஒரு கைதட்டல்

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை இரவு. ஃபிலடெல்பியாவின் சிட்டிசன்ஸ் பேங்க் பார்க் மைதானத்தில் ஃபிலீஸ் அணிக்கும் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்கும் பேஸ்பால் ஆட்டம். ஃபிலீஸ் பேட்டிங். ட்ரே டர்னர் பேட்டோடு நடந்து வருகிறார். நான்கு மாதங்களாக அந்த ஊர் அவரை வச்சு செய்துகொண்டிருந்தது. இரண்டு நாள் முன்புதான் அவர் கோட்டைவிட்ட ஒரு பந்தால் கையில் இருந்த ஆட்டம் போயிருந்தது. அப்படிப்பட்டவர் வரும்போது மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. சதம் அடித்துவிட்டுப் பேட்டைத் தூக்கிக் காட்டுபவருக்குக் கிடைக்கிற கைதட்டல் அது. இவர் இன்னும் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை.

இந்தக் கதையை அமெரிக்காவில் பலரும் சொல்லிவிட்டார்கள். நெட்ஃபிளிக்ஸில் குறும்படமாகவும் வந்துவிட்டது. பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: ஊர் அன்பு காட்டியது, வீரர் மீண்டு வந்தார், சுபம். நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை அவ்வளவு வழுவழுப்பாக இல்லை. எனக்கு அதில் பிடித்ததே அந்தச் சொரசொரப்புதான்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். டர்னர் ஷார்ட்ஸ்டாப். அடித்தவர் ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓடவேண்டிய நான்கு இடங்கள்தான் பேஸ்கள். இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்; தரையோடு சீறி வரும் பந்துகளில் பெரும்பங்கு அவர் பக்கம்தான் வரும். அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கில், அதிகச் சராசரிக்கான பேட்டிங் பட்டத்தை 2021-இல் 0.328 எடுத்து வென்றவர். பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு இந்த எண்ணைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பத்து முறை பேட் பிடித்து மூன்று முறை ஒழுங்காக அடித்து பேஸுக்குப் போய்விட்டால் அவர் நட்சத்திரம். ஏழு முறை தோற்பது கணக்கிலேயே சேர்த்தி. அதாவது 0.300 என்பது பெரிய ஆட்டக்காரருக்கும் சராசரிக்காரருக்கும் நடுவில் போட்ட கோடு. 2022 முடிவில் டர்னரின் ஒட்டுமொத்தச் சராசரி 0.302.

கால் வேகம் தனி. 2021 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியில் இருந்தபோது, கடைசி பேஸான ஹோம் பிளேட்டில் சறுக்கி வந்து அப்படியே எழுந்து நடந்துபோன அவருடைய ஒரு வீடியோ இணையம் முழுக்கச் சுற்றியது. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஒரு சறுக்கல். அது நடந்தது இதே ஃபிலடெல்பியா மைதானத்தில். அன்று வாய் பிளந்து பார்த்த ஊருக்கே 2022 டிசம்பரில் அவர் வந்து சேர்ந்தார்: 11 வருட ஒப்பந்தம், 30 கோடி டாலர். அன்றைய மதிப்பில் 2,400 கோடி ரூபாய்க்கு மேல். சான் டியாகோ இதைவிட அதிகம் தரத் தயாராக இருந்ததாகச் செய்திகள் வந்தன. அவர் ஃபிலடெல்பியாவைத் தேர்ந்தெடுத்தார். அந்த அணி அப்போதுதான் சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடர்வரை போய் ஹூஸ்டனிடம் தோற்றிருந்தது. மிச்சம் இருந்த ஒரு படியை ஏற இவர் உதவுவார் என்று எல்லாரும் நம்பினார்கள்.

நம்பிக்கைக்கு மேலும் நெய் ஊற்றியது 2023 மார்ச்சில் நடந்த உலக பேஸ்பால் கிளாசிக் போட்டி. மயாமியில் வெனிசுவேலாவுக்கு எதிரான காலிறுதியில், ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ், அமெரிக்கா 5-7 என்று பின்தங்கி நிற்கிறது, மூன்று பேஸிலும் ஆள். பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது ஹோம் ரன்; மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அடித்தால் நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாம். அப்போது டர்னர் அடித்த கிராண்ட் ஸ்லாமில் ஆட்டம் 9-7 என்று திரும்பியது. அந்தப் போட்டித் தொடரில் மட்டும் ஐந்து ஹோம் ரன். ஜப்பானிடம் தோற்ற இறுதியாட்டத்திலும் ஒன்று அடித்தார். ஏப்ரல் பிறக்கும்போது ஃபிலடெல்பியாக்காரர்கள் எந்த மனநிலையில் இருந்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சீசன் தொடங்கியது. பேட் பேசவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று, பேஸ்பாலில் ஃபார்ம் போவது என்றால் என்ன என்று பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பந்து வீசும் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். நம் கிரிக்கெட் பிட்சைவிடக் கொஞ்சம் குறைவு. மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்து, தரையில் குத்தாமல் நேரே, சுமார் 0.4 விநாடியில் வந்துவிடும். இதில் பேட்டைச் சுழற்றவே ஒரு பங்கு நேரம் போய்விடும். ஆக, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க இருப்பது கண் சிமிட்டும் நேரம். வேகப் பந்து போலவே கிளம்பி, கடைசி நேரத்தில் வெளியே விலகிக் கீழே இறங்கும் ஸ்லைடர் என்றொரு பந்து உண்டு. நிதானத்தில் இருக்கும் பேட்டர் அதை விட்டுவிடுவார். விட்டால் அது பிட்சர் கணக்கில் தப்புப் பந்து. அவசரத்தில் இருப்பவர் சீக்கிரமே முடிவெடுத்துப் பேட்டை வீசுவார். பந்து அங்கே இருக்காது. பார்ப்பவர்களுக்கு அது முட்டாள்தனம் மாதிரி தெரியும். “அவ்வளவு வெளியே போற பந்தை எதுக்குத் துரத்துறான்?” என்று காலரியில் இருப்பவர் கேட்பார். அவர் துரத்துவது பந்தை இல்லை, ஒரு முழு மாதத்தை ஒரே அடியில் சரிக்கட்டப் பார்க்கிறார்.

டர்னர் எப்போதுமே கொஞ்சம் வெளிப் பந்தைத் துரத்தும் ரகம். 2023-இல் அது முற்றிப்போனது. பேட்டிங் பயிற்சியாளர் கெவின் லாங் அவருக்குப் புதியவரும் இல்லை. வாஷிங்டன் அணியில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம். டர்னரின் ஆட்டத்தை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த ஆள் பக்கத்திலேயே இருந்தும் சரியாகவில்லை என்றால், கோளாறு கை கால் நிற்கும் விதத்தில் மட்டும் இல்லை என்று ஊகிக்கலாம். பேட்டிங் வரிசையில் மேலே இருந்தவரைக் கீழே இறக்கினார்கள். சொந்த ஊர் மைதானத்தில் பந்தைத் தவறவிட்டு ஸ்ட்ரைக் அவுட் ஆகித் திரும்பும் ஒவ்வொரு முறையும் கூச்சல் கேட்டது. கூச்சல் போட்டவர்கள்மேல் தனக்கு வருத்தமில்லை, தான் ஆடும் ஆட்டத்துக்கு அது சரிதான் என்கிற தோரணையில்தான் அவர் பேசினார். எனக்கு அது பணிவாகப் படவில்லை. தன்மேல் தானே கூச்சல் போட்டுக்கொள்ளும் மனிதரின் பேச்சாகப் பட்டது.

ஆகஸ்ட் 2, புதன்கிழமை, மயாமி. இந்தக் கதையின் முடிச்சு இங்கேதான். டர்னர் ஐந்து முறை பேட் பிடித்தார், ஒன்றும் தேறவில்லை. ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போனது. பதினோராவது இன்னிங்ஸில் ஃபிலீஸ் முன்னணியில் இருக்கும்போது தரையோடு ஒரு பந்து அவரிடம் வந்தது. ஷார்ட்ஸ்டாப் வாழ்க்கையில் ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கக்கூடிய பந்து. எடுக்கவில்லை. சமன் செய்யும் ரன் உள்ளே வந்தது. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் 9-8 என்று தோல்வி. ஆட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பும் நேரத்தில் டர்னர் உள்ளே பேட்டிங் பயிற்சிக் கூண்டில் பந்தை அடித்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து நிருபர்களிடம், தோல்விக்குத் தானே காரணம் என்று சொன்னார். சாக்கு ஏதும் சொல்லவில்லை.

அந்தப் பின்னிரவுப் பயிற்சியும் அந்த ஒப்புதலும் ஊருக்குள் ஏதோ செய்தன. 94 டபிள்யூஐபி என்ற உள்ளூர் விளையாட்டு வானொலியிலும், ‘பில்லி கேப்டன்’ என்ற பெயரில் யூடியூபில் பேசும் ஒரு தீவிர ரசிகரிடமிருந்தும் ஒரு யோசனை கிளம்பியது: வெள்ளிக்கிழமை அவர் ஊருக்குத் திரும்பி முதல் முறை பேட் பிடிக்கும்போது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினால் என்ன? எல்லாரும் உடனே தலையாட்டிவிடவில்லை. 30 கோடி டாலர் வாங்குகிறவரைத் தட்டிக்கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானதுதான். வார நாளெல்லாம் உழைத்துச் சீட்டு வாங்கி வருகிறவர் கேட்கத்தானே செய்வார்?

இந்த யோசனை வேறு ஊரில் கிளம்பியிருந்தால் இவ்வளவு பேச்சு இருந்திருக்காது. ஃபிலடெல்பியாவின் பெயர் அப்படி. 1968 டிசம்பரில் அந்த ஊர் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டு வந்தவர்மேலேயே பனிக்கட்டி உருண்டைகளை வீசினார்கள்; இன்றுவரை அந்த ஊரைக் கேலி செய்ய அதை எடுத்துக் காட்டுவார்கள். ஃபிலீஸில் சேர மறுத்த ஜே. டி. ட்ரூ, 1999-இல் எதிரணியில் ஆட வந்தபோது காலரியிலிருந்து பேட்டரிகள் பறந்து வந்தன.

இதெல்லாம் வேடிக்கைக் கதையாகச் சொல்லப்படும். டிக் ஆலன் கதை வேடிக்கை இல்லை. 1964-இல் சிறந்த புதுமுகமாகத் தேர்வான கறுப்பின வீரர். சொந்த ஊர் ரசிகர்கள் வீசும் பொருள்களுக்குப் பயந்து, ஃபீல்டிங் செய்யும்போதும் பேட்டிங் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நின்றார். 1969-இல் ஷூ நுனியால் மைதான மண்ணில் ‘பூ’ என்று எழுதினார். ஆங்கிலத்தில் ரசிகர்கள் போடும் அந்தக் கூச்சலின் ஒலியைத்தான். அந்த சீசன் முடிந்ததும் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். அவருடைய சட்டை எண் 15-ஐ இனி யாருக்கும் தருவதில்லை என்று ஃபிலீஸ் மரியாதை செய்தது 2020-இல். அந்த வருடமே அவர் இறந்துபோனார்.

மைக் ஷ்மிட் விஷயம் வேறு மாதிரி. 548 ஹோம் ரன்னும் ஃபிலீஸுக்காகவே அடித்த மனிதர், அவருக்கும் கூச்சல்தான். 1985-இல் ஒரு பேட்டியில் ரசிகர்களைக் கடுமையாகத் திட்டிவிட்டார். ஊர் கொதித்தது. அடுத்து சொந்த மைதானத்தில் இறங்கும்போது அவர் நீண்ட விக்கும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்து நின்றார். என்னைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது போல. மைதானம் சிரித்துவிட்டது, கைதட்டிவிட்டது. அங்கே ஒரு சின்ன விதி தெரிகிறது: தப்பை மறைத்தால் அந்த ஊர் விடாது, தானே முன்வந்து தலையைக் கொடுத்தால் விட்டுவிடும்.

டர்னருக்கு ஒரு வருடம் முன்பே இந்த விதி இன்னொரு முறை வேலை செய்தது. 2022 ஏப்ரலில் மெட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் மூன்றாவது பேஸ் வீரர் அலெக் போம், முதல் மூன்று இன்னிங்ஸில் மூன்று தவறு செய்தார். பிறகு ஒரு சாதாரணப் பந்தைச் சரியாக எடுத்தபோது ரசிகர்கள் கிண்டலாகக் கைதட்ட, இந்த இடத்தையே வெறுக்கிறேன் என்று கெட்ட வார்த்தை சேர்த்து அவர் முணுமுணுத்தது கேமராவில் பதிவாகிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் போம் அதை மறுக்கவில்லை. சொன்னேன், ஆனால் நிஜமாக அப்படி நினைக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆட்டத்தில் அவர் வந்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆக, கைதட்டும் யோசனைக்கு முன்மாதிரி இருந்தது. புதிது என்னவென்றால், இம்முறை அது திட்டமிட்டு, இரண்டு நாள் பேசி முடிவெடுத்துச் செய்தது.

சரி, வெள்ளி இரவுக்கு வருவோம். முதல் முறை மட்டும் இல்லை, டர்னர் பேட் பிடிக்க வந்த ஒவ்வொரு முறையும் கைதட்டல். அன்று அவர் முதல் பேஸ்வரை போகும் ஒரு சிங்கிள் அடித்தார், ஒரு ரன் உள்ளே வந்தது. ஃபிலீஸ் 7-5 என்று தோற்றது. ராயல்ஸ் அந்த வருடத்தின் மிக மோசமான அணிகளில் ஒன்று என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதை சொல்பவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போவார்கள். எனக்கு இதுதான் முக்கியம். கைதட்டிய கூட்டத்துக்கு அன்று இரவு பதிலுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஒரு சிங்கிளும் ஒரு தோல்வியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் சனிக்கிழமை டர்னர் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார், ஃபிலீஸ் ஜெயித்தது. அப்புறம் நிற்கவே இல்லை. ஆகஸ்ட் 4-க்கு முன் 107 ஆட்டங்களில் சராசரி 0.235, ஹோம் ரன் 10. அன்றிலிருந்து சீசன் முடியும்வரை 48 ஆட்டங்களில் 0.337, ஹோம் ரன் 16. முழு சீசனாக நீட்டினால் ஐம்பது ஹோம் ரன்னைத் தாண்டும் வேகம் இது. அதுவரை அவர் ஒரு சீசனில் அடித்த அதிகபட்சமே 28தான். அந்த மாதமே நெடுஞ்சாலை ஓரத்து டிஜிட்டல் விளம்பரப் பலகைகளில் ஊருக்கு நன்றி சொல்லி டர்னரின் பெயரில் விளம்பரம் ஓடியது. விளையாட்டு வீரர் தன் ரசிகர்களுக்கு விளம்பரம் கொடுப்பதை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

இப்போது கணக்குப் பார்ப்பவர் கேட்கும் கேள்வி. ஒட்டுமொத்தச் சராசரி 0.302 உள்ள ஆள் 0.235-இல் நிற்கிறார் என்றால், கைதட்டினாலும் கல்லெறிந்தாலும் அவர் மேலே வரத்தானே வேண்டும்? கிணற்றின் அடியைத் தொட்டவனுக்கு அடுத்த வழி மேலேதான். அடியைத் தொட்ட நாளில் யார் என்ன செய்திருந்தாலும் அதற்கே பேர் வந்திருக்கும். மந்திரித்த கயிறு கட்டியிருந்தால் கயிற்றுக்குப் பேர். இந்த வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. அந்த வருடம் லீக் முழுவதன் சராசரியே 0.248, டர்னர் அதற்குக் கீழே நெடுநாள் இருந்திருக்கச் சாத்தியம் குறைவு. ஆனால் தன் பழைய அளவுக்குத் திரும்புவது வேறு, அதைத் தாண்டிப் பறப்பது வேறு. 48 ஆட்டத்தில் 16 ஹோம் ரன் என்பதை ‘சராசரிக்குத் திரும்புதல்’ என்ற ஒரே வார்த்தையில் அடக்க முடியவில்லை. அதிர்ஷ்டக் காற்று கொஞ்சம் அடித்திருக்கலாம். மனசு லேசானதும் கொஞ்சம் இருக்கலாம். எது எத்தனை பங்கு என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது, ஏனென்றால் கைதட்டல் கிடைக்காத இன்னொரு டர்னர் நம்மிடம் இல்லை.

ஒரே ஒரு எண் மட்டும் எனக்குத் துப்புக் கொடுக்கிறது. அந்த சீசன் முழுவதும் டர்னர் 30 முறை பேஸ் திருட, அதாவது பிட்சர் பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓட, முயன்றார். 30 முறையும் வெற்றி. ஒரு முறைகூடப் பிடிபடாமல் ஒரே சீசனில் இத்தனை பேஸ் திருடியவர் அதுவரை யாரும் இல்லை. பேட் செத்துக் கிடந்த மாதங்களிலும் கால் ஒழுங்காக வேலை செய்தது. பிட்சரின் அசைவைப் படித்து, சரியான நொடியில் கிளம்பும் கண்ணும் வேலை செய்தது. உடம்பு கெடவில்லை, ஆட்ட அறிவும் மழுங்கவில்லை. பேஸ் திருட ஓடும்போது அவர் யாருக்கும் கடன்காரர் இல்லை. பேட் பிடித்து நிற்கும்போது மட்டும் 30 கோடி டாலரும் தோளில் ஏறி உட்கார்ந்தது. கைதட்டல் அவருக்குப் புதுத் திறமை எதையும் கொடுத்திருக்க முடியாது. தோளில் இருந்ததைக் கொஞ்சம் இறக்கி வைத்திருக்கலாம் என்பது வரை நான் போவேன். அதற்குமேல் சொல்பவர்கள் கதை விடுகிறார்கள்.

அக்டோபரைப் பாருங்கள். பிளே ஆஃப்பில் அட்லாண்டாவை வெளியேற்றிய நான்காவது ஆட்டத்தில் டர்னர் நான்கு முறை பேட் பிடித்து நான்கு முறையும் அடித்தார், அதில் ஒன்று ஹோம் ரன். ஊர் அதிர்ந்தது. அடுத்தது அரிசோனாவோடு ஏழு ஆட்டத் தொடர். 3-2 என்று முன்னணியோடு ஃபிலீஸ் சொந்த மைதானத்துக்கு வந்தது. இரண்டில் ஒன்றை ஜெயித்தால் போதும். இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து அணி எடுத்தது மூன்றே ரன். 5-1, 4-2 என்று இரண்டும் போயின. அதே மைதானம், அதே தொண்டைகள், ஆகஸ்டைவிடப் பல மடங்கு சத்தம்.

டர்னர் 2025-இல் 0.304 சராசரியோடு மறுபடி நேஷனல் லீக் பேட்டிங் பட்டம் வென்றார், இந்த முறை ஃபிலீஸ் சட்டையில். ஒப்பந்தம் 2033 வரை ஓடுகிறது. அது முடியும்போது அவருக்கு 40 வயது இருக்கும், கால் இந்த வேகத்தில் இருக்காது. அப்போதும் தரையோடு பந்து வரும், சிலது கையில் நிற்காது. காலரியில் இருப்பவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே தொண்டையைச் செருமிக்கொண்டுதான் வருவார்கள்.